மூக்கரும் சோப்பு நுரையும்

நீச்சல்குளத்துக்கு ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்கெல்லாம் அவரை மூக்கர் என்றால்தான் தெரியும். கேஸில் எரியும் அந்த ஹீட்டர்கள் பற்ற மறுத்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வாசலில் கால் வைத்த உடனேயே, "இடது பக்கக் குழாயில கசியுது பாருங்க" என்று சொல்லிவிடுகிற மூக்கு அவருடையது. மற்ற மெக்கானிக்குகள் குழாய் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவி, குமிழி கிளம்புகிறதா என்று பார்ப்பார்கள். "பாத்திரம் கழுவுற வேலை நமக்கெதுக்கு?" என்று அவர் சிரிப்பார். அவருடைய பெட்டியில் சோப்பு இருந்ததே இல்லை.

சென்ற மாதம் வந்த காய்ச்சல், போகும்போது அந்த மூக்கின் திறனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

திரும்பி வந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். எப்போது என்று சொல்லவில்லை. அவரும் யாரிடமும் மூச்சு விடவில்லை. மனைவிக்கு மட்டும் லேசான சந்தேகம். ஒரு நாள் காலையில் அவர் அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருக்க, பின்னால் பால் தீய்ந்து பாத்திரமே கருகிப்போயிற்று. மாடியிலிருந்து ஓடிவந்த மனைவி, "ஏங்க, துணி காயப்போடுற இடம் வரைக்கும் வாடை வருது! ஊர் கேஸையெல்லாம் மோந்து பிடிக்கிற மூக்கை வீட்டுக்கு வந்தா கழட்டி வச்சிடுவீங்களோ?" என்றாள்.

"ஏதோ யோசனைல இருந்துட்டேன்" என்று எழுந்து வந்துவிட்டார்.

அன்றைய வேலை ஒரு சிகிச்சைக் குளத்தில். பக்கவாதம் வந்தவர்களும் மூட்டுவலிக்காரர்களும் வெதுவெதுப்பான நீரில் கைகால்களைப் பழக்கும் இடம். "நேத்து சாயங்காலத்திலேர்ந்து பத்தவே மாட்டேங்குதுங்க. எல்லாரும் துண்டும் கையுமா உக்காந்திருக்காங்க" என்றார் அந்த இடத்தை நடத்தும் டாக்டரம்மா.

தண்ணீர் போதிய வேகத்தில் ஓடாவிட்டால் ஹீட்டர் பற்றாது. ஆகவே, கூட வேலை செய்யும் மைத்துனனை முதலில் வடிகட்டியைக் கழுவ அனுப்பினார். தண்ணீர் சீராக ஓடியது. ஆனால், பொறி கிளம்பும்போது கேட்க வேண்டிய 'டிக் டிக்' ஒலியைக் காணோம். கேஸை மூடி, குழாய் இணைப்பைக் கழற்றி, எரியும் தட்டை வெளியே இழுத்தார். பொறி தட்டும் கம்பியைத் தாங்கும் பீங்கான் விரிசல் விட்டிருந்தது. புதியதைப் பொருத்தி, எல்லாவற்றையும் மறுபடி மாட்டி, கேஸைத் திறந்தார்.

பிறகு, வழக்கம்போல மண்டியிட்டுத் தரையை ஒட்டி மோந்தார். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தங்கும். "மாமா தரைகிட்ட ரகசியம் பேசுறாரு" என்று மைத்துனன் இதைக் கேலி செய்வதுண்டு. அவன் இப்போது வடிகட்டிப் பக்கம் இருந்தான்.

"வாசனை இல்ல" என்று அவர் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை அது பொய்யும் அல்ல.

விரல் சுவிட்சைத் தொட்டது.

"கையை எடுங்க மாமா!"

வாசலில் மைத்துனன் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான். அடுத்த கணமே பாய்ந்து கேஸை மூடினான், ஜன்னல்களைத் திறந்தான், மின்விசிறியின் பக்கம் போன டாக்டரம்மாவை, "எந்த சுவிட்சையும் தொடாதீங்க! எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போங்க" என்று விரட்டினான்.

முற்றத்துக்கு வந்ததும் அவர் கையைப் பிடித்து நிறுத்தினான். "குடலைப் பிடுங்குற நாத்தம் மாமா. உங்களுக்கு வரலையா?"

சளி என்று சொல்லிவிடலாம். வார்த்தை நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் பேரும் பிழைக்கும், பிழைப்பும் நடக்கும். எதிரே, துண்டு போர்த்திய ஒருவர் தம் வலது காலைக் கையால் தூக்கி வைத்து வைத்து நகர்ந்துகொண்டிருந்தார். ஓடச் சொன்னால் அவரால் ஓட முடியாது.

"வரல மாப்ளே. காய்ச்சலோட போச்சு."

எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிற மைத்துனன், இப்போது மெல்லத்தான் கேட்டான்: "அப்போ நீச்சல் டீச்சர் வீட்டு ஹீட்டர்? போன வாரம் நான் லீவு போட்டிருந்தப்ப, நீங்க குழாயைக் கழட்டி மாட்டினீங்களே? அதையும் மோந்துதான் விட்டீங்களா?"

அவர் தலையாட்டினார். கைபேசியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டித் தெருவுக்கே போய்விட்டார்.

"டீச்சர், மூக்கர் பேசுறேன். ஹீட்டரைப் போடாதீங்க. சுவிட்ச் பக்கமே போகவேண்டாம். வெளிய இருக்கிற சிலிண்டரை மட்டும் மூடிடுங்க. எனக்கு வாசனை தெரியறதில்ல டீச்சர். மறைச்சிட்டேன்."

டீச்சர் சொன்னார்: "ஹீட்டர் ரூம்ல லேசா வாடை வந்துச்சுங்க. மூக்கரே பாத்துட்டுப் போயிருக்காரு, நம்ம மூக்குலதான் கோளாறுன்னு பேசாம இருந்துட்டோம்."

"மூடிட்டேன்" என்று டீச்சர் சொல்லும்வரை கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார்.

உள்ளே வந்து டாக்டரம்மாவிடம் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் கேட்டார். காற்று நன்றாக ஓடி, வாடை அடங்கிவிட்டது என்று மைத்துனன் சொன்ன பிறகு, கேஸைத் துளி திறந்து நுரையைத் தடவினார். தாமே மாட்டிய இணைப்பில் குமிழிகள் ஒன்றன்மேல் ஒன்றாக உப்பின. இறுக்கினார். மறுபடி தடவினார். நுரை அசையாமல் கிடந்தது. "இப்ப நீ மோந்து பாரு மாப்ளே" என்றார். அவன் மண்டியிட்டு மோந்து, தலையசைத்து, தானே சுவிட்சைப் போட்டான். நீலச் சுடர் பற்றியது. துண்டுக்காரர்கள் கைதட்டினார்கள், அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வண்டியில் ஏறியதும் மைத்துனன், "டீச்சர் வீட்டுக்குத்தானே மாமா?" என்றான்.

"ஆமா. நான் பேசிக்கிறேன்."

சோப்புத் தண்ணீர் பாட்டில் அவர் மடியில் இருந்தது. சிந்திவிடாதபடி அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.