வரி அட்டையில் ஒரு திருத்தம்

அந்த அட்டை இப்போதும் என்னிடம் இருக்கிறது. ஓரம் தேய்ந்த, நடுவில் மடித்த மஞ்சள் அட்டை. ஜெர்மனியின் ஆஹென் நகரசபை, நாங்கள் லண்டன் அக்கா என்று அழைத்தவருக்குக் கொடுத்த வருமான வரி அட்டை. பெயர், பிறந்த தேதி, கத்தோலிக்கர் என்பதற்கான இரண்டு எழுத்துகள், அவற்றுக்குப் பக்கத்தில் வரி வகுப்பு. அந்தக் கட்டத்தில் தட்டச்சில் இருந்த ரோமன் ஒன்று சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, அருகில் கையால் மூன்று என்று எழுதப்பட்டு, மேலே முத்திரை குத்தப்பட்டிருக்கிறது. இப்போது இந்த நாட்டில் அட்டைகள் இல்லை, எல்லாம் கணினிக்குள் போய்விட்டன. வருடத்தில் ஒருமுறை என் வரிக் கடதாசிகளைத் தேடி அலுமாரியை இழுக்கும்போது அது வெளியே விழும். விழும்போது கராம்பு வாசம் அடிப்பதாக என் மூக்கு பொய் சொல்லும்.

அக்கா மன்னாரில் பிறந்தவர். இருபது வயதில் லண்டனுக்குத் தட்டச்சு வேலைக்குப் போய் அங்கேயே பிரித்தானியப் பிரஜை ஆனவர். பிறகு ஊருக்கு வந்து ஒரு கணித ஆசிரியரைக் கலியாணம் செய்து, மூன்று கிழமை அவரோடு வாழ்ந்து, விசா கிடைத்ததும் அவர் வந்துவிடுவார் என்று நம்பித் திரும்பிப் போனார். கொழும்பில் நடந்த விசா நேர்முகத்தில் அந்த ஆசிரியரிடம், நான் அண்ணை என்று அழைத்தவரிடம், "இந்தக் கலியாணத்தின் முக்கிய நோக்கம் லண்டனில் குடியேறுவதுதானே?" என்று கேட்டார்களாம். மனைவி லண்டனில் இருக்கிறாள், அவளோடு குடியிருக்கத்தானே கட்டினேன் என்று நினைத்து, பொய் சொல்லத் தெரியாத மனிதர் "ஓம்" என்றார். அந்த ஒரு ஓமுக்காக விசா மறுக்கப்பட்டது. மனைவியின் நாடு கதவைச் சாத்தியது. சொந்த நாடு எரியத் தொடங்கியது. கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்டு விமான நிலையத்துக்கு வந்த விமானத்தில் அவர் எனக்குப் பக்கத்து இருக்கை.

மேற்கு பெர்லினில் அகதி விண்ணப்பம் எழுதிய அறையை நான் எத்தனையோ தடவை மனத்துக்குள் திருப்பிக் கட்டிப் பார்த்திருக்கிறேன். சாம்பல் மேசை, நூலில் கட்டிய பேனா, ஈரக் கோட்டுகளின் நெடி. எனக்கு ஆங்கிலம் கொஞ்சம் ஓடும் என்பதால் இருவருடைய படிவத்தையும் நானே நிரப்பினேன். கலியாணம் ஆனவரா, ஆகாதவரா என்ற கட்டம் வந்தது. எங்களுக்கு முன்னால் நின்றவர்கள் வரிசையிலேயே புத்தி சொல்லியிருந்தார்கள்: "லண்டனிலை மனுசி எண்டு வாய் திறக்காதேங்கோ. இவங்கள் லண்டனுக்குத் தள்ளுவாங்கள், அவங்கள் கொழும்புக்குத் தள்ளுவாங்கள்." நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

"அண்ணை, அங்கை உண்மையைச் சொல்லி என்ன கண்டனீங்கள்? லெடிக் எண்டு போடுவம்," என்றேன். மணமாகாதவர் என்பதற்கு அந்தச் சொல்.

அவர் யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "உமக்குச் சரியெண்டு பட்டால் போடும் தம்பி."

அந்தக் கட்டத்தில் கோடு கீறியது நான். எனக்கு அப்போது வயது இருபத்தொன்று. ஒரு கோட்டின் நீளம் எவ்வளவு என்று தெரியாத வயது.

எங்களை ஆஹெனுக்கு அனுப்பினார்கள். நகரத்தின் ஓரத்தில் பழைய விடுதி ஒன்றில் அறைக்கு நாலு பேர். நாலு மாதத்தில் அக்கா வந்து இறங்கினார். இங்கிருந்து லண்டனுக்குப் போக வழி தேடாதவர் எங்களில் எவருமில்லை. லண்டனை விட்டு இங்கே வந்த பெண்ணை விடுதியே கூடி நின்று பார்த்தது. "அக்கா, வழி மாறி வந்திட்டியளோ?" என்று ஒருவர் கேட்டார். "ஓம், நீங்கள் போனாப் பிறகு லண்டனிலை இடம் காணாது, அதுதான் முந்தி வெளிக்கிட்டனான்," என்றார் அக்கா.

வழி மாறி வந்தவர் அல்ல அவர். பிரித்தானியப் பிரஜை ஒருவர் ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடொன்றில் வேலை எடுத்தால் கணவனையும் அங்கே பக்கத்தில் வைத்திருக்கலாம் என்று யாரோ சட்டம் படித்தவர் அவருக்குச் சொல்லியிருந்தார். சொந்த நாடு தராததைப் பக்கத்து நாடு தரும். அக்கா வேலையை விட்டார், அறையை விட்டார். நாட்டை விட்டுப் போவதாக லண்டன் வரி அலுவலகத்துக்கு ஒரு படிவம் நிரப்பினார். "எப்போது திரும்ப உத்தேசம்" என்ற இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது துணிச்சலா பயமா என்று இன்றுவரை எனக்கு முடிவாகவில்லை.

கராம்பும் கறுவாவும் போட்டுச் சுடும் கடின பிஸ்கட்டுக்கு ஆஹென் பேர்போனது. அப்படியொரு தொழிற்சாலையில் அக்காவுக்குப் பொதி கட்டும் வேலை கிடைத்தது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் வேலைக் கடிதத்தைக் காட்டிய அன்று காலையே ஐந்து வருட வதிவிட அனுமதி கிடைத்தது. அதே மாடியில், பக்கத்துக் கதவுக்கு முன்னால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீளும் எங்கள் கடதாசிக்காக அண்ணையும் நானும் சந்திப்பு நேரம் குறித்த டெர்மின் துண்டோடு குந்தியிருந்தோம்.

வரி அட்டை எடுக்கப் போனபோது, அதற்குள் கொஞ்சம் ஜெர்மன் பழகியிருந்த நான் மொழிபெயர்க்கப் போனேன். கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஒரு பெண் அதிகாரி. மணமானவர் என்றார் அக்கா. கணவர் எங்கே? இதே ஊரில், அகதி விடுதியில். அதிகாரி தொலைபேசியில் வேறோர் அலுவலகத்தோடு பேசிவிட்டு எங்களைப் பார்த்தார். அந்த மனிதர் மணமாகாதவர் என்று அவருடைய கையெழுத்தோடு பதிவு இருக்கிறதே என்றார். அக்கா பங்குக் கோயிலின் திருமணச் சான்றைக் காட்டினார். அது போதாது, அரச பதிவாளரின் பிரதி வேண்டும், கொழும்பில் உறுதிப்படுத்திய முத்திரை வேண்டும். அதுவரை தனியாள், முதலாம் வகுப்பு. வெளிநாட்டவர் அலுவலகமும் அதையே சொன்னது: தாள் வராமல் அந்த மனிதர் உங்கள் கணவர் அல்ல.

வெளியே வந்து டிராம் போன பழைய தண்டவாளத்தைத் தாண்டும்போது நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பேனாவை, வரிசையில் கேட்ட புத்தியை, கோட்டை.

"நீர் அண்டைக்கு நல்லதெண்டுதானே கீறினீர்," என்றார் அக்கா. பிறகு, "ரயிலிலைகூட நான் முதலாம் வகுப்பிலை போனதில்லை தம்பி. புருசனைக் கழட்டினால்தான் தருவினம் போல," என்றார். அதற்குப் பிறகு என்னை யாருக்கு அறிமுகப்படுத்தினாலும், "இவர்தான் என்ரை கலியாணத்தைப் பேனையாலை குழப்பின பிள்ளை," என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

மன்னாருக்குக் கடிதம் போனது. பாதை அடைத்திருந்தது, மாவட்ட அலுவலகமான கச்சேரி பூட்டியிருந்தது, கடிதம் திரும்பி வந்தது, மீண்டும் போனது. அந்தக் காத்திருப்பின் ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் நான் இப்போது ஏங்குகிறேன் என்று சொன்னால் நம்புவீர்களா? அடைந்த எதையும் நான் இப்படி ஏங்கியதில்லை. பூசை முடிந்து அக்காவின் ஒற்றை அறைக்குப் போவோம். யன்னல் முழுக்க நீராவி. கதவின் பின்னால் தொங்கும் அவருடைய வேலைக் கோட்டிலிருந்து கராம்பு வாசம் இறங்கி மீன்குழம்போடு கலக்கும். அண்ணை வெங்காயம் உரிப்பார். "இஞ்சாருங்கோ, கணக்கு வாத்தியார், வெங்காயத்தைச் சரிபாதியாய் வெட்டச் சொன்னால் அளந்துகொண்டு நிக்கிறியள்," என்று அக்கா கேலி செய்வார். கலியாணமாகி நாலாவது வருடத்தில் புதுத் தம்பதிகள் அவர்கள். மாலையில் அண்ணை விடுதிக்குத் திரும்ப வேண்டும். மணமாகாதவருக்கு அங்கேதான் கட்டில்.

மூன்று நாட்டு எல்லைகள் சந்திக்கும் கல் ஒன்று ஊருக்கு வெளியே காட்டுக்குள் இருக்கிறது. ஒரு ஞாயிறு அங்கே நடந்து போனோம். அக்கா கல்லைச் சுற்றி ஓடினார். ஒல்லாந்தில் ஒரு கால், பெல்ஜியத்தில் ஒரு கால். "வாங்கோவன், ஒரு எட்டுத்தானே." அண்ணை அசையவில்லை. மாவட்டத்தை விட்டு வெளியேறினால் விண்ணப்பம் கெட்டுவிடும் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. "ஏலாதப்பா," என்றார். காட்டில் ஒரு குருவிகூட இல்லை, யார் பார்க்கப் போகிறார்கள்? அவர் சப்பாத்து நுனி ஜெர்மனிக்குள்ளேயே நின்றது. அக்காதான் திரும்பி எட்டு வைத்து வந்து அவர் கையைப் பிடித்தார்.

அந்த மனிதர்தான் கடல் தாண்டினார். இலையுதிர்காலத்தில் நிராகரிப்புக் கடிதம் வந்தது, நாட்டைவிட்டு வெளியேற நாள் குறித்து. மனைவி இருக்கிறாள் என்று எழுதிக் கொடுத்தார். முதலில் இல்லை என்றீர்கள், கடிதம் வந்தபின் உண்டு என்கிறீர்கள் என்று பதில் வந்தது. கனடாவுக்கு ஆள் அனுப்பும் ஒருவரிடம் ஒரு இடம் மிச்சம் இருந்தது. "போங்கோ. கொழும்புக்குப் போறதிலும் பார்க்க அது பரவாயில்லை," என்று அக்காதான் சொன்னார். பஸ்ஸில் ஏறும்போது அண்ணை என் தோளைத் தட்டினார்.

அவர் போன பதினாறாம் நாள் மன்னாரிலிருந்து பதிவாளரின் பிரதி வந்தது. எல்லா முத்திரையும் இருந்தது.

"நகரசபைக்குப் போவம் வாரும்," என்றார் அக்கா. இனி எதற்கு என்று நினைத்துக்கொண்டே கூடப் போனேன். அதே பெண் அதிகாரி. தாளை இரண்டு தடவை படித்தார். நிரந்தரமாகப் பிரிந்து வாழ்கிறீர்களா? இல்லை என்றார் அக்கா. கணவர் இப்போது எங்கே? விடுதியில் என்று ஒரு சொல் போதும், அது நாக்கு நுனியில் வந்து நின்றது. அக்கா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இந்தமுறை நான் சொல்லுறதை மட்டும் சொல்லும். கனடாவுக்குப் போயிட்டார். நானும் போவன்."

சொன்னேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். இந்த வருடத்தில் ஒரு நாளாவது இந்த ஊரில் நீங்கள் கணவன் மனைவியாக இருந்தீர்களா என்று கேட்டார். ஞாயிறுகள் என்றார் அக்கா. "சட்டத்துக்கு ஒரு நாள் போதும்," என்று சொல்லி, சிவப்புப் பேனாவை எடுத்து ஒன்றை அடித்து, மணமானவருக்குரிய மூன்று என்று எழுதினார். முத்திரை விழுந்த சத்தம் பெரிய அறையில் கேட்டது. அக்கா அட்டையை வாங்கி, மை காயும்வரை ஊதிக்கொண்டே படியிறங்கினார்.

மூன்று வருடம் அதே தொழிற்சாலையில் கராம்பு வாசத்தோடு இருந்துவிட்டு, அண்ணை அழைக்க முடிந்தபோது அவரிடம் போனார். போகும் முன் அட்டையை என் கையில் வைத்து, "இது உம்மட்டை இருக்கட்டும், பேனையைப் பிடிக்கேக்கை பாரும்," என்றார். பனியில் இருவரும் நிற்கும் ஒரு படம் வந்தது. இருவருக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. பிறகு கடிதங்கள் நின்றுவிட்டன. யாருடைய தவறும் அல்ல, கடிதங்கள் அப்படித்தான்.

நேற்றும் அட்டை விழுந்தது. மேசையில் வைத்துவிட்டு என் படிவத்துக்குத் திரும்பினேன். நிரந்தரமாகப் பிரிந்து வாழ்கிறீர்களா என்ற கேள்வி இப்போது திரையில் வருகிறது. பேனா இல்லை, ஒரு சொடுக்கு. மனைவியும் நானும் பிரிந்து, நான் தனியாக வாழத் தொடங்கி ஆறு வருடமாகிறது. உண்மையைத்தான் குறித்தேன். குறித்துவிட்டு அந்தச் சிவப்பு மூன்றை விரலால் தடவினேன். அது எப்போதோ காய்ந்துவிட்டது. ஆனாலும் ஊதினேன்.