பெரட்டில் ஒரு பேர்

எனக்குத் தூக்கம் அதிகம். தம்பின் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நானும் தாயம்மாவும் பால் எடுக்க மரம் வெட்டிய காலத்திலிருந்தே அப்படித்தான். விடியுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் வாசிப்பதைப் பெரட்டு என்போம். பதில் வராவிட்டால் பேர் வெட்டு. அன்றைக்கு வேலை கிடையாது. எங்களை மேய்க்கிற சன்னாசி மண்டோர் “லோகேஸ்வரி!” என்று கத்தும்போது நான் அநேகமாக லயத்தில் பல் துலக்கிக்கொண்டிருப்பேன். வரிசையிலிருந்து தாயம்மா குரல் கொடுப்பாள்: “வந்துட்டாய்யா!”

மண்டோருக்கும் தெரியும். நான் மூச்சிரைக்க ஓடி வந்து சேரும்வரை தெரியாத மாதிரி இருப்பார்.

முதலாளி தோட்டத்தை விற்ற பிறகு செனாவாங்கில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து வீடு. தாயம்மாவின் கணவர் திருநாவுக்கரசு சீக்கிரமே தவறிவிட்டார். ஒரே மகன் சத்தியசீலன் விமானப்படையில் சேர்ந்தான். சரக்கு விமானத்தில் சாமான் ஏற்றிக் கட்டுகிற வேலை. லீவில் மோட்டார் சைக்கிளில் வந்தால் தெரு முனையிலிருந்தே ஹார்ன் அடிப்பான். எங்களுக்கெல்லாம் எரிச்சலாக இருக்கும். அவள் மட்டும் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடுவாள்.

போன மழைக்காலத்தில், வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அரிசியும் கம்பளியும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது அவனுடைய விமானம். எழும்பிய நான்காவது நிமிடம் செம்பனைக் காட்டில் விழுந்தது. ஐந்து பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. அவனை மூடிய பெட்டியில் கொண்டுவந்து, திறக்கக்கூடாது என்றார்கள். முகம் பார்க்காத சாவை எந்தத் தாய் நம்புவாள்? ஹார்ன் சத்தம் கேட்டால் இன்னமும் அவள் கை அடுப்பை அணைக்கப் போகிறது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது, வீட்டுக்குள் போய்விடுவேன்.

கருமாதி முடிந்த மறுமாதம் விமானப்படை முகாமில் அஞ்சலிக் கூட்டம். துணைக்கு நான் போனேன். ஒரு அதிகாரி பேர் வாசிக்க, வரிசையில் நின்ற ஒவ்வொருவனும் “ஹாடிர், துவான்!” என்று ஆஜர் சொல்லி விறைத்தான். கடைசியில் இறந்த ஐவர். ஒவ்வொரு பேரையும் மூன்று முறை கூப்பிடுவார்கள், பதில் வராவிட்டால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொன்னார்.

தாயம்மா என் முழங்கையைப் பிடித்தாள். “பேர வெட்டிருவாங்களா லோகு?”

“சடங்குலா. சும்மா இரு.”

நான்கு பேர்களுக்கும் மைதானம் அமைதியாக இருந்தது. ஐந்தாவதாக அவனை, இன்னார் மகன் என்று அப்பா பேரோடு சேர்த்துக் கூப்பிட்டார் அதிகாரி.

“சார்ஜன் சத்தியசீலன் அனாக் லெலாக்கி திருநாவுக்கரசு!”

“வந்துட்டான்யா!”

தாயம்மா எழுந்து நின்றிருந்தாள். எல்லாத் தலைகளும் திரும்பின. பொய் சொல்வானேன், எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது; சேலையைப் பிடித்து இழுத்தேன். அவள் உட்காரவில்லை. அதிகாரி தாளையே பார்த்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். பிறகு இரண்டாம் முறை கூப்பிட்டார்.

“வந்துட்டான்யா… இந்தா, வந்துகிட்டே இருக்கான்…”

மூன்றாம் முறையும் கூப்பிட்டார். தாயம்மா வாயைத் திறந்தாள். உதடு ஆடியதே தவிர சத்தம் வரவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

எத்தனை விடியற்காலை எனக்காகக் குரல் கொடுத்தவள்! நான் எழுந்து, தொண்டை கிழியக் கத்தினேன்.

“வந்துட்டான்யா!”