ஓட்டுநர் இல்லாத பஸ்

புதன்கிழமை காலையில் வாட்டில் பே ஊரின் முதியோர் இல்லத்தில் எல்லா அறைகளிலும் ரேடியோ ஓடும். ஊர்க்காரர்களே சம்பளம் இல்லாமல் நடத்தும் குட்டி நிலையம். அதில் புதன்தோறும் பேசுகிறவள் பெரில் ஓட்ஸ். எண்பதைத் தாண்டியவள். நிகழ்ச்சி நடுவே காதுக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கிற பழக்கம் உள்ளவள்.

அன்றைக்கும் அப்படித்தான். "அடுத்து ஒரு புதுப் பாட்டு. பிஸ்கட்டை நனைச்சுக்கிட்டே கேளுங்க" என்று சொல்லி ஒரு சிடியைப் போட்டுவிட்டு, கருவியைக் கழற்றினாள். பாட்டில் ஒரு பையன் தன் பழைய முதலாளியை, முதலாளியின் அம்மாவை, அவர்கள் வீட்டு நாயை, ஒருவரையும் விடாமல் கெட்ட வார்த்தையால் அர்ச்சனை செய்தான். கடைசிவரை செய்தான். பெரில் நிதானமாக டீயை முடித்துவிட்டு, "என்ன இனிமையான மெட்டு!" என்றாள்.

ரோண்டா ஸில்ம் அப்போது டிப்போவில் பள்ளிக்கூட பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தாள். பஸ்ஸின் ரேடியோவில் இதைக் கேட்டதும் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். போன் அடித்தது. நிலையத்தை நடத்தும் ப்ரெட் டெவனிஷ்.

"ரோண்டா, கேட்டீங்களா?"

"கேட்டேன் கேட்டேன். நாயை எதுக்குடா இழுத்தான் பாவம்?"

"சிரிக்கிற விஷயமில்ல. இல்லத்துலேர்ந்து ரெண்டு புகார் வந்திருக்கு. மூணாவதா கூப்பிட்ட தாத்தா இன்னொரு தடவை போடச் சொல்றார், அது வேற. சிடில பச்சை வட்டம் ஒட்டியிருக்கு. அதுல உங்க பஸ் படம். அதனால நீங்க கொஞ்ச நாள் கேக்குற வேலையை விட்டுருங்க. வர்ற வாரம் கமிட்டி கூடும்போது நானே பக்குவமா எடுத்துச் சொல்லிக்கிறேன்."

ரோண்டாவின் சிரிப்பு நின்றுபோனது. அந்தப் பாட்டை அவள் வாழ்க்கையில் கேட்டதே இல்லை.

அந்த நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. நாட்டின் எந்தெந்த மூலையிலிருந்தோ புதுப் பாட்டுக்காரர்கள் சிடி அனுப்புவார்கள். எல்லாம் பின்னறையில் பிளாஸ்டிக் தொட்டிகளில் குவியும். யாராவது எடுத்துப்போய்க் கேட்டு, உறையில் ஒரு வட்டம் ஒட்டவேண்டும். பச்சை என்றால் எப்போதும் போடலாம். சிவப்பு என்றால் பிள்ளைகள் தூங்கியபின். வட்டத்தில் கேட்டவரின் அடையாளம் இருக்கவேண்டும். வட்டம் இல்லாததை யாரும் ஒலிபரப்பமாட்டார்கள். ரோண்டாவின் அடையாளம் குட்டி பஸ். பஸ் இருந்தால் ஊரே கண்ணை மூடிக்கொண்டு போடும்.

காரணம், அவள் முழுசாகக் கேட்பாள். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டின் கடைசி இருமல்வரை கேட்பாள். அதுவும் எங்கே? சாயங்காலம் பண்ணைப் பிள்ளைகளை வீடு சேர்க்கிற பஸ்ஸில். கோதுமை வயல்களுக்கு நடுவே செம்மண் ரோடு, ஜன்னலெல்லாம் புழுதி, உள்ளே புதுப் பாட்டு. கெட்ட வார்த்தை வந்தால் பிள்ளைகள் கோரஸாக "சிவப்பு!" என்று கத்துவார்கள். இதில் மட்டும் அவர்களுக்குத் தூக்கமே வராது. பிள்ளைகள் போட்ட சட்டம் ஒன்றும் உண்டு. பிடித்த பாட்டு ஓடும்போது நிறுத்தம் வந்தால், பாட்டு முடியாமல் யாரும் இறங்கமாட்டார்கள். பண்ணை வாசலில் வண்டியோடு காத்திருக்கும் அம்மாக்களுக்கும் இது பழகிவிட்டது. பஸ் நின்றும் கதவு திறக்கவில்லை என்றால், நல்ல பாட்டு போலிருக்கிறது என்று இன்ஜினை அணைத்துவிடுவார்கள்.

ரோண்டா ஏன் இப்படி வீம்பாகக் கேட்கிறாள் என்பது பெரிலுக்கு மட்டும் தெரியும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் ரோண்டா. இன்னும் மூன்று பெண்களோடு சேர்ந்து ஒரு இசைக்குழு வைத்திருந்தாள். ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகையில் ஒரு கேசட் பதிவு செய்து, அடிலெய்டில் ஒரு ரேடியோ நிலையத்துக்குத் தபாலில் அனுப்பினார்கள். பதில் வரும் வரும் என்று இருந்தார்கள். அப்புறம் கல்யாணம், வறட்சி, விவாகரத்து, பஸ் லைசென்ஸ். தலை நரைத்தபின் ஒருநாள் போர்ட் லிங்கனில் பழைய சாமான் கடை ஒன்றில் கைவிட்டுத் துழாவியபோது அதே கேசட் கிடைத்தது. இவள் கையெழுத்து, இவள் ஒட்டிய தபால் உறை. பிரிக்கவே இல்லை. அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றால்கூடத் தாங்கியிருப்பாள். கேட்கவே இல்லை. சில்லறை கொடுத்துத் தன் பாட்டைத் தானே வாங்கிக்கொண்டு வந்தாள்.

இப்போது அவள் பஸ்ஸையே வரைந்து, கேட்காததைக் கேட்டதாக ஒட்டியிருக்கிறார்கள். ஈரக் கையோடு நிலையத்துக்கு நடந்தாள்.

பெரில் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "அடியே ரோண்டா, என்னைக் கெட்டவார்த்தைக் கிழவி ஆக்கிட்டியே! சர்ச்சுல எப்படி முழிப்பேன்?"

"சிடியைக் காட்டுங்க பெரில்."

பச்சை வட்டம். குட்டி பஸ். சக்கரம் இருந்தது, ஜன்னல் இருந்தது. ஜன்னலில் தலை இல்லை. ரோண்டா ஒருநாளும் ஓட்டுகிற தலையில்லாமல் பஸ் வரைந்தது கிடையாது. யாரும் ஓட்டாத பஸ் ரோட்டில் போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

பின்னறையைத் திறந்தாள். தொட்டிகள் காலி. போன வாரம்வரை நிரம்பி வழிந்தவை, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன. அலமாரி முழுக்கப் பச்சை வட்டம், பச்சை வட்டம், பச்சை வட்டம். எல்லாவற்றிலும் ஆளில்லாத பஸ். ப்ரெட் நாற்காலியில் உட்கார்ந்து சாசேஜ் ரோல் தின்றுகொண்டிருந்தான்.

"எத்தனைடா கேட்டே?" என்றாள்.

"எல்லாத்தையும்தான். ஒவ்வொன்னுலயும் பத்து செகண்ட். அதுக்குமேல என்ன இருக்கு? ஆரம்பமே சொல்லிடும்."

"இந்த முதலாளி பாட்டுல பத்து செகண்ட்ல என்ன வந்துச்சு?"

"கிடார்."

"கிடாரைக் கேட்டுட்டு என் பஸ்ஸைப் போட்டியா?"

"ரோண்டா, தயவு செஞ்சு கத்தாதீங்க. தொட்டி ரொம்பி வழிஞ்சுது, கமிட்டி தினம் என் உயிரை வாங்கிச்சு. என் அடையாளத்தைப் போட்டா யார் நம்புறாங்க? உங்க பஸ்ஸைத்தான் நம்புறாங்க. ஒரு படம்தானே, இதுக்குப் போயி..."

"ஒரு படமா? ராத்திரி பகலா உழைச்சு, கையில இருந்ததையெல்லாம் போட்டு ஒருத்தி பாட்டு பதிவு பண்ணி அனுப்புறா. நம்மள யாரோ கேப்பாங்கன்னு அங்க உட்கார்ந்திருப்பா. நீ சாசேஜ் ரோல் ஆறுறதுக்குள்ள அத்தனை பேரையும் முடிச்சிட்டே. முடிச்சிட்டு நான் கேட்டேன்னு எழுதினே. மாட்டிக்கிட்டதும் என்னையே கேக்குறதை நிறுத்துன்னு போன் பண்றே. வெக்கமா இல்லையா உனக்கு?"

ப்ரெட் வாய் நிறைய ரோலோடு ஏதோ சொன்னான்.

"முழுங்கிட்டுப் பேசுடா!" என்றாள் பின்னாலேயே வந்து நின்ற பெரில். காதுக்கருவியை இப்போது நன்றாகவே மாட்டியிருந்தாள். "வர்ற புதன்கிழமை மைக்குல நான் இதைச் சொல்லணுமா, இல்ல நீயே சொல்றியா? நான் சொன்னா கொஞ்சம் விவரமா இருக்கும்."

"நானே சொல்றேன்" என்றான் அவன், சட்டென்று.

"சொன்னா மட்டும் போதாது" என்றாள் ரோண்டா. "வட்டம் அத்தனையும் உரி. தொட்டியில திரும்பப் போடு. சாயங்காலம் பஸ்ஸுல ஏறு. நீ கேக்கணும். முழுசா."

அவன் ஏறினான். முன்சீட்டில், முழங்கால் மோவாயில் இடிக்க. பின்னால் இரண்டு டஜன் பிள்ளைகள். ஜெடா என்ற பத்து வயதுப் பெண் எழுந்து, "ரோன்ஸி, இந்த மாமா யாரு? பள்ளிக்கூடத்துல ஃபெயிலாயிட்டாரா?" என்று கேட்டாள்.

"ஆமா கண்ணு. திரும்பப் படிக்க வந்திருக்கார்." பிள்ளைகளுக்கு ரோண்டா எப்போதும் ரோன்ஸிதான்.

ரோண்டா தொட்டியிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துப் போட்டாள். காற்றுச் சத்தம். கீல் துருப்பிடித்த ஏதோ ஒரு கேட் திறந்து மூடுகிற சத்தம். மறுபடி காற்று. பாட்டை மாற்ற ப்ரெட்டின் கை தானாக நீண்டது.

"தொட்டா விரலை ஒடிப்பேன்."

"இது பாட்டே இல்லை. இதைக் கேட்டது ஞாபகம் இருக்கு எனக்கு. காலி சிடிதானேன்னு பச்சை ஒட்டினேன்."

"வாயை மூடிட்டு உட்காரு."

காற்று வீசிக்கொண்டே இருந்தது. ஒரு பையன் கொட்டாவி விட்டான். அப்புறம், கேட்டின் கிறீச்சொலியையே தாளமாகப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் பாட ஆரம்பித்தாள். வயதான குரல். மழையில்லாமல் விற்றுப்போன மாடுகளின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பாடினாள். டெய்சி, மஃபின், திருட்டு மூக்கி. பண்ணைப் பிள்ளைகள் அல்லவா, மாட்டின் பெயர் கேட்டதும் பஸ்ஸில் சத்தம் அடங்கிவிட்டது.

ஜெடாவின் நிறுத்தம் வந்தது. பஸ் நின்றது. யாரும் எழவில்லை. வாசலில் நின்ற ஜெடாவின் அம்மா தன் வண்டி இன்ஜினை அணைத்தாள்.

பாட்டு முடிந்ததும் ப்ரெட் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்தான். புழுதி என்றான். ரோண்டா கதவைத் திறந்துவிட்டாள். அவளுக்குக் கோபம் தீரவில்லை. இவன் பத்து செகண்டில் காலி என்று தள்ளிய பெண் எங்கேயோ உட்கார்ந்து போன் வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்க நினைக்க, அது ஏறிக்கொண்டேதான் போனது.

"வட்டத்துல என்ன வரையட்டும்?" என்றான் அவன், மெதுவாக. "பஸ் வரைய மாட்டேன்."

"கழுதை!" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல். "கழுதை! கழுதை!" என்று பஸ்ஸே சேர்ந்துகொண்டது. ஜெடா படியில் நின்றபடி, "காது பெருசா வரைங்க மாமா, இனிமே கேக்கணுமில்ல" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

அவன் கழுதை வரைந்தான். நாய் மாதிரி இருந்தது.

அடுத்த புதன்கிழமை ப்ரெட் மைக்கில் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டான். இல்லத்தில் கைதட்டினார்களாம். பிறகு பெரில் ஒலிபரப்புக்கு நடுவிலேயே டிப்போவுக்குப் போன் போட்டாள்.

"அடியே, இங்க ஒரு சிடில பச்சை வட்டம் இருக்கு. அதுல ஏதோ ஒரு மிருகம். நான் போடலாமா, இல்ல இந்தத் தடவையும் சர்ச்சுல தலை குனியணுமா?"

ரோண்டா துடைப்பத்தை பஸ்மேல் சாத்தினாள்.

"அது கழுதை, பெரில். போடுங்க. அவன் முழுசாக் கேட்டான். நான் கண்ணாடியில பார்த்துக்கிட்டேதான் ஓட்டினேன்."

"சரி" என்றாள் பெரில். "டீ அப்புறம் குடிச்சுக்கிறேன்."