உதுவும் அதுவும் ஒன்றல்ல

நோர்வேயில் எனக்கு இன்னும் பழகாதது குளிரல்ல, 'உது' இல்லாத மொழி. எங்கள் யாழ்ப்பாணத்தில் என் கையிலிருப்பது இது, உங்கள் கையிலிருப்பது உது, இருவருக்கும் எட்டாதது அது. சண்டிலிப்பாயில் தங்கையின் பென்சிலை நான் பறித்தால் அம்மா அடுப்படியிலிருந்தே கத்துவார்: "உது அவளின்ரை. குடு!" கையில் இருப்பதாலேயே ஒன்று நமதாகிவிடாது என்பதை அந்த ஒரு சொல்லில்தான் படித்தேன்.

குடியிருப்புகளின் சூடாக்கிகளை இயக்கும் கணினி நிரல் எழுதுவது என் வேலை. அதில் பொயின்டர் என்பது பொருளல்ல, பொருள் இருக்கும் இடத்தின் விலாசம். வெளியிலிருந்து நம்பித் தரப்பட்ட விலாசத்துக்கு ஆங்கில எழுத்தில் 'உது' என்று பெயர் வைத்திருந்தேன். ஓர் அடைப்புக்குள், அதாவது நிரலின் ஒரு சிறு துண்டுக்குள் மட்டும், உயிர்வாழும் தற்காலிகப் பொருளின் விலாசத்துக்கு 'அது'.

சென்ற மாதம் சூடாக்கிகள் திடீர் திடீரென நின்றன. பழி என் தலையில். தகுதிகாண் காலம் வேறு, பிழை என்னுடையதென்றால் வேலை போனதுதான். "நிறுத்திப் போட்டால் ஓடுகிறதே, விடு" என்றார் எங்கள் குழுத் தலைவர் எரிக். விடுவேனா? வரி வரியாகத் தேடினேன். ஓரிடத்தில் என் 'உது', 'அது'வாகியிருந்தது.

"எழுத்துப்பிழை. நான்தான் திருத்தினேன்" என்றார் எரிக், பெருமையாக.

அட பாவி மனுசா! அடைப்பு முடிந்ததும் 'அது' சுட்டிய இடம் வேறொன்றுக்குப் போய்விடும். வெப்பநிலையைக் கொண்டுபோய் அங்கே எழுதினால் சூடாக்கி நிற்காமல் என்ன செய்யும்? ஆட்கள் காலிசெய்த வீட்டுக்குக் கடிதம் போட்ட கதைதான்.

"'உது' என்றால் என்ன?" என்றார் எரிக்.

"டென்" என்றேன், நோர்வேஜிய மொழியில்.

"'அது' என்றால்?"

"அதுவும் டென்."

"அப்போ ஒன்றுதானே!"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அவர் கையிலிருந்த கோப்பையைக் காட்டி உது என்றேன். தெருவில் போன பஸ்ஸைக் காட்டி அது என்றேன். "இரண்டிலும் கோப்பி ஊற்றுவீர்களா?"

சிரித்துவிட்டு, "ஆங்கிலப் பெயராக மாற்றிவிடு" என்றார்.

"மாற்றமாட்டேன். பக்கத்திலேயே விளக்கம் எழுதிவிடுகிறேன், நீங்கள் படியுங்கள்."

உது திரும்பி வந்தது. சூடாக்கிகள் நிற்கவில்லை, என் வேலையும் நிலைத்தது. அந்தச் சந்தோசப் புளுகத்தில் அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"அம்மா, உங்கை மழையோ?" உது போலத்தான் உங்கையும்: கேட்பவர் இருக்கும் இடம்.

அம்மா அந்தச் சொல்லிலேயே பிடித்துக்கொண்டார். "உங்கையோ? எங்கடை வீடு உனக்கு எப்ப பிள்ளை 'உங்கை' ஆனது?"

"பின்னை, போனிலை வேறை எப்பிடிச் சொல்லுறது?" என்று வாய்காட்டினேன். சொல் சரியானதுதான், அதற்காகத்தானே எரிக்கோடு மல்லுக்கு நின்றேன். ஆனாலும் அம்மாவிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"சரி, அதை விடு. இஞ்சை மழைதான். உங்கை எப்பிடி?" என்று அம்மா கேட்டார்.

யன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. 'இஞ்சை பனி' என்று, இந்த இடத்தை என்னுடையதாக்கிச் சொல்ல வாயெடுத்தேன். 'இஞ்சை' வரவில்லை. "பனி அம்மா" என்று மட்டும் சொன்னேன்.