பந்தைத்தான் எடுத்தேன்

தடுப்பாட்டத்தில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. இப்போதும் இருக்கிறது, மறைத்து என்ன ஆகப்போகிறது. கால்பந்தில் கோல் போடுகிறவளை ஊருக்கே தெரியும். பின்னால் நின்று பந்தைப் பறிக்கிறவளை, பறிகொடுத்தவளுக்கு மட்டும்தான் தெரியும். கல்லூரியில் இருந்த மூன்று வருடமும், அதற்குப் பிறகு போலீஸ் தேர்வுக்குத் தயாரான ஒன்றரை வருடமும் நான் பின்னால்தான் நின்றேன்.

டேக்கிள் என்றால் காலை வாரிவிடுவது என்று நினைக்கிறவர்கள் அதிகம். காலை வாருவது யாருக்கும் வரும், அதற்குப் பயிற்சி வேண்டியதில்லை. டேக்கிள் என்பது முக்கால்வாசி காத்திருப்பது. ஒருத்தி பந்தோடு வரும்போது மார்பை நேராகக் காட்டி நிற்கக்கூடாது. உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, முழங்காலை மடக்கி, முன்பாதத்தில் எடையை வைத்து, அவள் ஓரடி வந்தால் நாம் ஓரடி பின்வாங்கிக்கொண்டே போக வேண்டும். அவள் கண்ணைப் பார்த்தால் ஏமாற்றுவாள், தோளைப் பார்த்தாலும் ஏமாற்றுவாள். பந்தை மட்டும்தான் பார்க்க வேண்டும். அது அவள் காலைவிட்டு ஒரு முழம் தள்ளிப் போகும் நேரம் எப்படியும் ஒரு தடவை வரும். அப்போது கணுக்காலை இறுக்கி, பாதத்தின் உள்பக்கத்தைப் பந்தின் நடுவில் வைத்து, முழு எடையோடு போக வேண்டும். அரை மனதோடு போனால் அடி நமக்குத்தான். தரையில் சறுக்கிப் போய்ப் பந்தைத் தட்டுவது கடைசி வழி. விழுந்தவள் எழுவதற்குள் ஆட்டம் அவளைத் தாண்டிப் போய்விடும் என்பதால், புத்தியுள்ளவள் அதை ஒரு ஆட்டத்தில் ஒரு தடவைக்கு மேல் செய்யமாட்டாள். நான் நாலைந்து தடவை செய்வேன். எனக்கு அது பிடிக்கும்.

எங்கள் டீமில் பன்னிரண்டு பேர். எல்லோரும் கம்பைநல்லூரைச் சுற்றியுள்ள ஊர்ப் பெண்கள். கோச் என்று யாரும் கிடையாது. போனில் வீடியோ பார்த்து, நிறுத்தி, திரும்ப ஓட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டோம். முழங்காலுக்குக் கீழே எலும்பை மறைக்கக் கட்டும் ஷின் கார்டுக்கு, தோட்டத்தில் மிஞ்சிக் கிடக்கும் பிவிசி பைப்பை நீளவாக்கில் அறுத்து, ஓரத்தைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து, சாக்ஸுக்குள் செருகிக்கொள்வோம். அதுவும் வெளி டீமோடு மேட்ச் இருந்தால்தான். எங்களுக்குள் ஆடும்போது போட்டுக்கொண்டு வந்தால், "யாருக்குப் பயந்துக்கிட்டுப் பைப்பு கட்டிக்கிட்டு வர்ற?" என்று ஓட்டி எடுத்துவிடுவார்கள்.

மைதானம் சரளை மண். அதில் சறுக்கினால் தொடைத் தோல் தரையிலேயே தங்கிவிடும். அதனால் சறுக்குவதை மட்டும் ஏரியில் கற்றோம். தண்ணீர் வற்றி வரும் மாதங்களில் ஏரி ஓரத்தில் வண்டல் வழவழவென்று கிடக்கும். அதில் ஓடிப்போய்க் காலை நீட்டினால் உடம்பு தானாகப் போகும். அதைவிட முக்கியம், அடிவாங்குகிறவளின் காலும் வண்டலில் நிற்காது. நாம் போய் இடித்த உடனே அதுவும் வழுக்கிக்கொண்டு நம்மோடு வந்துவிடும். இரண்டு பேரும் சேற்றில் கிடந்து சிரிப்போம். இரண்டு வருடம் அப்படிக் கற்றதில் ஒருத்திக்குக்கூடச் சுளுக்குப் பிடிக்கவில்லை. எனக்குச் சறுக்கத் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. எங்களுக்குள் ஆடும்போது ரெஃப்ரி கிடையாது. பவுலா இல்லையா என்பதை அடித்தவளே சொல்ல வேண்டும். பவுல் என்றால் கையைத் தூக்கி "சாரி" என்பாள், எதிர்ப்பக்கத்துக்கு ஃப்ரீ கிக். பந்தைத்தான் எடுத்தோம் என்றால் வாயைத் திறக்கக்கூடாது, விழுந்தவள் தானே எழுந்து ஓட வேண்டும். சாரி சொன்னால் தப்பை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். பொய்யாகச் சாரி சொல்வதும் கேவலம், சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் இருப்பதும் கேவலம். நான் இந்த இரண்டையும் செய்ததில்லை என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா எங்கள் டீமின் விங்கர். கூடப் பிறந்தவர் இல்லை. என்னைவிட மூன்று வயது பெரியவர், பக்கத்து ஊர், அதனால் அக்கா. ஓரத்துக் கோட்டில் ஓடத் தொடங்கினால் அவரை யாரும் பிடிக்க முடியாது. அவரை நிறுத்துகிற ஒரே ஆள் நான்தான் என்று அவரே சொல்வார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் போலீஸ் தேர்வுக்கு விண்ணப்பித்தோம், ஒரே பஸ்ஸில் போய் எழுதினோம், இரண்டு பேரும் எழுத்துத் தேர்வில் தேறினோம். அடுத்தது உடல்தகுதித் தேர்வு. நானூறு மீட்டர் ஓட்டம், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல். அக்காவுக்கு அது ஒரு விஷயமே இல்லை. ஆனால் அவருக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த அறிவிப்பு வருவதற்குள் வயது தாண்டிவிடும். வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வேலைன்னு ஒண்ணு வரட்டும், அப்புறம் எவன வேணா கூட்டிட்டு வாங்க" என்று சொல்லி ஒரு வருடமாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

தேர்வுக்குப் பதினொரு நாள் இருந்தது. முந்தைய நாள் நல்ல மழை. காலையில் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடிவிட்டு அக்கா கிளம்பிக்கொண்டிருந்தார். நாங்கள் ஏழு பேர் இருந்தோம், ஒரு பக்கத்துக்கு ஆள் குறைந்தது.

"ஒரு அர மணி நேரம்க்கா," என்றேன்.

"வேணாம் புள்ள. கால பாத்துக்கணும்."

"நாங்க என்ன கடிச்சா திங்கப்போறோம்?"

சிரித்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பூட்ஸைத் திரும்ப மாட்டிக்கொண்டார். நான்தான் கூப்பிட்டேன் என்பதை இங்கே தெளிவாக எழுதிவிட வேண்டும், ஏனென்றால் இதை நான் வேறு எங்கேயும் சொன்னதில்லை.

மழைத் தண்ணீர் தரையில் மெல்லிசாக நின்று, சரளை பளபளவென்று ஏரி ஓரம் போலவே இருந்தது. அக்கா வலது கோட்டில் பந்தோடு வந்தார். நான் பின்வாங்கிக்கொண்டே போனேன். பந்து அவர் காலைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனது. சறுக்கினேன். ஈரத்தில் நன்றாகப் போனேன். என் வலது பாதம் பந்தைச் சுத்தமாகத் தட்டியது, பந்து கோட்டுக்கு வெளியே போனதை என் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் என் உடம்பு அவருடைய ஊன்றிய காலில் மோதியது. வண்டலாக இருந்தால் அந்தக் கால் வழுக்கி என்னோடு வந்திருக்கும். ஈரத்துக்குக் கீழே இருந்தது சரளை. பூட்ஸின் அடியில் இருக்கும் குமிழ்கள் அதில் கடித்துக்கொண்டு நின்றன. கால் வரவில்லை. சத்தம் கேட்டது.

எல்லோரும் ஓடி வந்தார்கள். அக்கா கத்தவில்லை, புல்லைப் பிடுங்குவது போல இரண்டு கையாலும் சரளையை அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் எழுந்து நின்று, "பந்தத்தான் எடுத்தேன்," என்றேன். முதலில் என் வாயில் வந்தது அதுதான்.

ஆஸ்பத்திரியில் கீழ்க்காலின் இரண்டு எலும்பும் போயிருக்கிறது, பிளேட் வைக்க வேண்டும் என்றார்கள். வார்டுக்கு வெளியே அவருடைய அம்மா சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். நான் போய் நின்றதும், பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்தார்.

"நான் பந்தத்தாங்க எடுத்தேன். நீங்க வேணா யாரயும் கேட்டுப் பாருங்க," என்றேன்.

அவருக்குக் கால்பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. "செரி கண்ணு. நீ சாப்டியா?" என்றார்.

அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. பிறகும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்குமே, தொட்டால் நம்முடையதுதான் என்று தெரியும், ஆனால் உணர்ச்சி இருக்காது, அப்படி இருந்தது. சாப்பிட்டேன். தூங்கினேன். மறுநாள் காலையில் ஓட்டப் பயிற்சிக்கும் போனேன், ஆனால் பந்து ஆட யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

உடல்தகுதித் தேர்வு சேலத்தில். ஒரே நாளில் விண்ணப்பித்ததால் எங்கள் எண்கள் அடுத்தடுத்து இருந்தன. வரிசையில் எனக்கு முன்னால் அக்காவின் பெயரைக் கூப்பிட்டார்கள். மூன்று முறை கூப்பிட்டார்கள். பட்டியல் வைத்திருந்தவர் என்னைப் பார்த்து, "நீயாம்மா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். ஒரு கோடு போட்டுவிட்டு என் பெயரைக் கூப்பிட்டார். நானூறு மீட்டரை நான் அதற்கு முன் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. முடித்ததும் குனிந்து மூச்சு வாங்கினேன். சந்தோஷமாக இருக்கிறதா என்று எனக்குள்ளே தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

வேலை கிடைத்தது. அக்காவைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று மாதாமாதம் நினைப்பேன். போய் என்ன சொல்வது என்கிற இடத்தில் நின்றுவிடும். சாரி சொன்னால் அது பவுல் ஆகிவிடும். அது பவுல் இல்லை. சொல்லாவிட்டால் எதற்குப் போக வேண்டும்? பயிற்சிக் காலத்தில், பாதுகாப்புப் பணியில் கால் கடுக்க நின்ற மத்தியானங்களில், அந்த ஒரு டேக்கிளை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பந்தைத்தான் முதலில் தொட்டேன். இப்படியே எட்டு வருடம் போனது. சறுக்கி ஆடுவதை விட்டுவிட்டேன், பிறகு ஆடுவதையே விட்டுவிட்டேன்.

இந்த வருடம் கடத்தூர் பக்கம் மாற்றல் வந்தது. அம்மாவுக்கு ஒரு சான்றிதழ் வாங்க, மத்தியானம் ஒரு மணி வாக்கில் அங்கே ஒரு இ-சேவை மையத்துக்குப் போனேன். கம்ப்யூட்டருக்குப் பின்னால் அக்கா உட்கார்ந்திருந்தார். முகம் கொஞ்சம் சதை போட்டிருந்தது, கண்ணாடி. எனக்கு முன்னால் ஒரு பெண்ணுக்குப் போலீஸ் தேர்வு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். "ஒயரம் செரியா அளந்தியா? அங்க போய் நின்னுக்கிட்டுக் கம்மியா இருக்குதுன்னு அழுவக்கூடாது," என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் போனதும் என்னைப் பார்த்தார். என் யூனிஃபார்மைப் பார்த்தார்.

"வா. ஆதார் குடு," என்றார்.

கொடுத்தேன். தட்டச்சு செய்தார். பிரிண்டருக்குத் தாள் வைக்க எழுந்தபோது வலது கால் ஒரு கணம் தாமதித்துத்தான் தரையில் ஊன்றியது. ஓரத்துக் கோட்டில் அந்தக் காலைப் பிடிக்கத்தான் நான் அவ்வளவு பாடுபட்டிருக்கிறேன்.

ஏதாவது பேச வேண்டும் போல இருந்தது. என் வாய் தனக்குத் தெரிந்ததையே பேசியது. "அன்னிக்கு நான் பந்தத்தான்க்கா எடுத்தேன்."

அக்கா தாளைத் தட்டி நேராக்கி உள்ளே வைத்தார். கோபமாகத் தெரியவில்லை.

"எனக்குத் தெரியும். பந்து வெளிய போனத நானும்தான் பாத்தேன். பவுலுன்னு நான் யாருகிட்டயாவது சொல்லியிருக்கறனா?"

"இல்லக்கா."

"வலிக்குதான்னு நீ ஒரு நாளாவது கேட்டியா?"

பிரிண்டர் ஓடத் தொடங்கியது. நான் கவுன்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எட்டு வருடமாக அந்த டேக்கிளை எத்தனையோ பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன், பந்தைப் பார்த்திருக்கிறேன், என் பாதத்தைப் பார்த்திருக்கிறேன். சரளையை அள்ளிக்கொண்டிருந்த அந்த இரண்டு கைகளை அன்றைக்குப் பிறகு ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. கன்னத்தில் எங்கேயோ அந்த ஊசியின் மரப்பு விடத் தொடங்கியது. மிகவும் வலித்தது.

"வலிக்குதாக்கா?" என்றேன்.

"மழ வந்தா வலிக்கும்," என்றார். பிளாஸ்டிக் நாற்காலியைக் காலாலேயே என் பக்கம் தள்ளினார். "உக்காரு. இன்னொரு பக்கம் வரணும்."