இயந்திரத்துக்குத் தைத்த சட்டை

பரணில் ஏறி நின்று பார்த்தபோது, கரித்தூள் படிந்த பலகையின் நடுவே ஒரு சதுரம் மட்டும் சுத்தமாக இருந்தது. திருவொற்றியூரில் எங்கள் தெருவில் எதை நகர்த்தினாலும் அடியில் இப்படி ஒரு சுத்தமான இடம் தெரியும். அந்தச் சதுரத்தில்தான் பல வருடங்களாக ஒரு நீலச் சட்டை மடிந்து கிடந்தது. மனிதர் போடும் சட்டை இல்லை. ஒரு ஆள் தூக்கிச் செல்லக்கூடிய சிறிய ஜெனரேட்டருக்கு அளவெடுத்து, கெட்டித் தார்ப்பாயில் தைத்த உறை அது. என் மகள் என்னிடம் சொல்லாமல் எடுத்துப் போயிருக்கிறாள்.

அவள் நிலவியல் முதுகலை படிக்கிறாள். வகுப்போடு ராஜஸ்தான் பாலைவனத்தில் கூடாரம் அடித்துத் தங்கி, பாறைகளைப் பார்க்கப் போயிருந்தாள். விளக்குக்கும் கருவிகளுக்கும் வாடகைக்கு ஒரு ஜெனரேட்டர் எடுத்திருந்தார்கள். தொழிற்சாலைகளுக்கு நடுவே வளர்ந்தவளாயிற்றே, உனக்கு இதெல்லாம் தெரியும் என்று சொல்லி, அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையை இவள் தலையில் கட்டிவிட்டார்கள். அன்று காலை தொலைக்காட்சியில் அந்தப் பக்கம் புழுதிப்புயல் என்றார்கள். அவள் போன் முந்தைய நாள் மாலையிலிருந்தே அணைந்து கிடந்தது. கை சும்மா இருந்தால் மனம் பதறும் என்றுதான் பரணைச் சுத்தம் செய்ய ஏறினேன். ஏறிய இடத்தில் அந்தக் காலிச் சதுரம்.

துறைமுகத்தில் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் கணவர், "மணல்காட்டுல சிக்னல் எங்கருந்து வரும்? இன்னாத்துக்கு இப்டி பேஜாராவுற?" என்றார். சிக்னலுக்காக நான் பயப்படவில்லை. புயல் வரும்போது ஜெனரேட்டரை என்ன செய்வார்கள் என்பதுதான் என் பயம். வெளியே விட்டால் மணல் அதைக் கொன்றுவிடும். உள்ளே எடுத்துவந்தால் அது தன் புகையிலுள்ள விஷவாயுவால் மனிதர்களைக் கொன்றுவிடும். இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல.

மகளுக்கு ஒரு வயது இருக்கும்போது, மண் பரிசோதனை செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் கணக்கெழுதும் வேலையில் இருந்தேன். எண்ணூருக்கு அப்பால், அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கொட்டிக் கொட்டி வெட்டவெளியாகிப்போன ஒரு பெரிய நிலத்தில் துளை போட்டு மண் எடுக்கும் வேலை வந்தது. பாலைவனம் என்றால் எல்லோரும் வடக்கே எங்கோ நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு முதலில் நினைவு வருவது அந்த இடம்தான். ஒரு மரம் கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெளிறிய சாம்பல், நடந்தால் கணுக்கால் வரை புதையும். காற்று கிளம்பினால் வானமும் தரையும் ஒரே நிறமாகிவிடும். வண்டி உள்ளே வரையில் போகாது என்பதால், துளை போடும் ஆட்கள் அங்கேயே கூடாரம் போட்டுத் தங்கினார்கள். நான் காலையில் கும்மிடிப்பூண்டி ரயிலில் அத்திப்பட்டு வரை போய், கம்பெனி ஜீப்பில் ஏறி, மீதி தூரம் நடப்பேன். மாலையில் திரும்பிவிடுவேன்.

அங்கே முகாமின் பொறுப்பு எங்கள் இன்ஜினியருடையது. ராயபுரத்துக்காரர். நாற்பதைத் தாண்டியவர், நல்ல உயரம், சட்டைப் பையில் எப்போதும் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ் இருக்கும். அது பல்லுக்கு இல்லை, ஜெனரேட்டரின் என்ஜினைச் சுற்றியுள்ள இடுக்குகளில் படியும் சாம்பலைத் தட்ட. முகாமில் அவர் காட்டிய அக்கறை முழுவதும் அந்த இயந்திரத்தின் மேல்தான் இருந்தது. அதில் நியாயமும் இருந்தது. எடுத்த மண்ணை உலரவைத்து எடை பார்க்கும் மின்னடுப்பு அதில்தான் ஓடியது. அடுப்பு நின்றால் அன்றைய மண் வீண்.

அவர் காலையில் அதைக் கவனிக்கும் அழகு என் கண்ணிலேயே நிற்கிறது. கூடாரங்களிலிருந்து தள்ளி, காற்று போகும் திசையில், இரண்டு பலகைகளைப் போட்டு அதன்மேல் வைத்திருப்பார். தரையில் வைத்தால் அது தன் காலடிச் சாம்பலைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் என்பார். பெட்ரோல் மூடியைத் திறப்பதற்கு முன் ஈரத்துணியால் சுற்றிலும் துடைப்பார். என்ஜின் ஆறிய பிறகுதான் ஊற்றுவார், அதுவும் மெல்லிய துணியில் வடிகட்டி. காற்று உள்ளே போகும் வழியில் பொருத்தியிருக்கும் பஞ்சை எடுத்து, சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, சில சொட்டு எண்ணெய் விட்டுப் பிழிந்து மறுபடி வைப்பார். பழைய எண்ணெயைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்து, நறநறவென்று இருந்தால் உடனே மாற்றச் சொல்வார். என்னைப் பார்த்ததும், "உன் பொண்ணு நடக்குதாம்மா?" என்று கேட்பார். பதிலுக்குக் காத்திராமல், "இதுவும் கைக்குழந்தைதான். மூக்கு அடைச்சா யாரையும் தூங்கவிடாது" என்பார்.

அந்த நீல உறையை அவர்தான் தைக்கக் கொடுத்தார். ராயபுரத்தில் படகுகளுக்குத் தார்ப்பாய் தைக்கிற ஒருவரிடம் இயந்திரத்தையே தூக்கிக்கொண்டு போய் அளவு கொடுத்தாராம். கைப்பிடிக்கு ஒரு திறப்பு, புகைக்குழாய்க்கு ஒரு மடிப்பு. அதைக் கொண்டுவந்து மாட்டிய அன்று, துளை போடும் ஆட்களின் மேஸ்திரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் எண்ணூர்ப் பக்கத்து மீனவக் குப்பத்துக்காரர், வாய் ஓயாது.

"இன்னா சார், மெஷினுக்கு டெய்லரு, ஃபிட்டிங்கு, ஷோக்கா கீது. நாங்க கலீஜா திரிஞ்சிகினு கீறோம், எங்களுக்கு ஒரு பனியன் உண்டா?"

"நீ ரிப்பேரானா தானா சரியாயிடுவே. அது ஆகாதே" என்றார் இன்ஜினியர்.

"அப்ப எனக்கும் ஆயில் மாத்து சார். சாயங்காலம் ஒரு குவாட்டர் போதும்."

எல்லோரும் சிரித்தோம். இன்ஜினியரும் சிரித்துக்கொண்டே, இயந்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தார். பிறகு அவர் அடிக்கடி சொல்கிற வாக்கியத்தைச் சொன்னார்: "நிறுத்து, சூடு ஆறட்டும், அப்புறம்தான் சட்டை. சூடு ஆறாம சட்டை போடக்கூடாது." அந்த வாக்கியம் எனக்குப் பழகிப்போய், என் வீட்டிலும் ஏறிவிட்டது. குக்கரை மூடி வைக்கும்போது, இஸ்திரிப் பெட்டியைப் பைக்குள் போடும்போது, நானும் மகளிடம் இதையே சொல்வேன். யார் சொன்னது என்று அவள் கேட்டதில்லை.

வேலை முடியப்போகிற வாரத்தில் காற்றின் குணம் மாறியது. கடலிலிருந்து வராமல் நிலத்துப் பக்கமிருந்து அடித்தது. அலசி வைத்த பஞ்சு மதியத்துக்குள் அடைத்துக்கொண்டது. இயந்திரம் இருமி இருமி நின்றது. மின்னடுப்பும் கூடவே நின்றது. அறிக்கை கொடுக்கவேண்டிய நாள் நெருங்கிவிட்டதென்று தலைமை அலுவலகத்திலிருந்து போன்மேல் போன். அன்று மாலை நான் கிளம்பும்போது இன்ஜினியர் கண்கள் சிவந்து, புருவமெல்லாம் சாம்பலாக நின்றார். "இதை இப்படியே வெளியில விட்டா நாளைக்கு செத்துடும்மா" என்றார். இயந்திரத்தைத்தான் சொன்னார்.

நான் போன பிறகு நடந்ததை மேஸ்திரி சொல்லித்தான் தெரியும். இன்ஜினியரின் கூடாரத்துக்கும் மின்னடுப்புக் கொட்டகைக்கும் நடுவே ஒரு தார்ப்பாய்த் தாழ்வாரம் இருந்தது. ஜெனரேட்டரை அதற்குள் கொண்டுவந்து, புகைக்குழாயின் வாய் வெளியே பார்க்கும்படி வைத்து, சுற்றிலும் தார்ப்பாயைக் கட்டியிருக்கிறார். ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த நீலச் சட்டையையும் மேலே மாட்டியிருக்கிறார். தன் கூடாரத்தின் ஓரங்களை மண் போட்டு மூடி, வாசல் இடுக்கில் ஈரப் போர்வையைச் செருகியிருக்கிறார். மேஸ்திரி, "சார், பொகை உள்ள வரப்போவுது" என்றாராம். "குழாய் வெளியதானே இருக்கு" என்றாராம் இவர். மேஸ்திரி வழக்கம்போல, வண்டிப்பாதை முடியுமிடத்தில் நின்ற லாரியின் மேல் படுக்கப் போய்விட்டார். மூடிய இடத்தில் அவருக்குத் தூக்கம் வராது. மற்றவர்களின் கூடாரம் எட்டத்தில் இருந்தது.

காலையில் நான் நடந்து வரும்போது காற்று அடங்கியிருந்தது. தினமும் பாதி தூரத்திலேயே கேட்கிற ஜெனரேட்டர் சத்தம் அன்று கேட்கவில்லை. பெட்ரோல் தீர்ந்து அது தானாக நின்றிருந்தது. கூடாரத்தின் வாசலைத் திறந்தவர் மேஸ்திரி, பின்னால் நின்றவள் நான். இன்ஜினியர் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். முகத்தில் நல்ல நிறம், தூங்குகிறவரைப் போல. எழுப்பினால் எழுந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். மேஸ்திரி தோளைத் தொட்டார், உடம்பு சில்லிட்டிருந்தது. என் கண் அவர்மேல் நிற்க முடியாமல் மேசைக்குப் போனது. அந்த மேசையில் ஒரு துளி சாம்பல் இல்லை. வெள்ளைத் தாள்கள் வெள்ளையாகவே இருந்தன. அந்த முகாம் போட்ட நாளிலிருந்து அவ்வளவு சுத்தமான இடத்தை நான் அங்கே பார்த்ததில்லை.

அன்று யார் யாரோ வந்தார்கள், கேட்டார்கள், எழுதிக்கொண்டார்கள். எல்லாம் முடிந்து பொருள்களை ஏற்றும்போது கம்பெனி ஆள் ஒருவர் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்துப் பார்த்தார். முதல் இழுப்பிலேயே பற்றிக்கொண்டது. மேஸ்திரி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து வாயில் வைத்துக்கொண்டார். "மெஷினு பொழச்சிக்கிச்சும்மா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அந்த உறையை என் கையில் கொடுத்தார். "சாரோட சம்சாரம் இத்த பாக்க வேணாம். நீ எங்கனா வெச்சிக்க." எரிக்கவும் மனமில்லாமல், எதற்கும் உபயோகிக்கவும் மனமில்லாமல் பரணில் வைத்தேன். மகள் சிறுமியாக இருந்தபோது ஒருமுறை கேட்டாள். ஜெனரேட்டருக்குப் போடும் சட்டை என்று மட்டும் சொன்னேன்.

இத்தனை வருடங்களில் இதைப் பலவிதமாக யோசித்திருக்கிறேன். அவர் தெரியாமல் போயிருந்தால் எனக்கு ஓரளவு ஆறுதல் இருந்திருக்கும். ஆனால் அவருக்குத் தெரியும். இயந்திரத்தைக் காற்றுப் போகும் திசையில் தள்ளி வைத்தவரே அவர்தான். பிறகு ஏன் என்று கேட்டால், எங்கள் ஊர்தான் பதில் என்று எனக்குத் தோன்றுகிறது. நாங்கள் மூடிப் பழகியவர்கள். கரி ஏற்றிய லாரி தெருமுனையில் திரும்பும்போதே ஜன்னலைச் சாத்துவோம். சோற்றுப் பானைக்கு இரண்டு மூடி, தொலைக்காட்சிக்குப் பழைய புடவை, கொடியில் துணி உலர்வதற்குள் ஓடிப்போய் எடுப்போம். வடசென்னையில் நல்ல குடும்பத்துக்கு அடையாளமே, வீட்டுக்குள் விரலால் தடவினால் கறுப்பு ஒட்டக்கூடாது. கண்ணுக்குத் தெரிகிற தூசியோடு பிறந்ததிலிருந்து சண்டை போடுகிறவர்களுக்கு, கண்ணுக்குத் தெரியாத ஒன்று உள்ளே வரும்போது கையில் ஆயுதம் இருப்பதில்லை. களைப்பு மிஞ்சிய ஒரு மாலையில் அவர் படிப்பு பின்னால் நின்றுவிட்டது, பழக்கம் முன்னால் வந்துவிட்டது.

அதே பழக்கத்தில்தான் என் மகளையும் வளர்த்திருக்கிறேன். கிளம்பும் முன் பஞ்சை எப்படி அலசுவது, பெட்ரோலை எப்படி வடிகட்டுவது என்று அவர் செய்ததையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். "கூடாரத்துப் பக்கமே கொண்டுவரக் கூடாது" என்றும் சொன்னேன். "தெரியும்மா" என்றாள். அந்தத் "தெரியும்" என்ற சொல்தான் பரணடியில் நின்ற எனக்குத் திரும்பத் திரும்பக் கேட்டது. அவருக்கும் தெரிந்திருந்தது. இப்போது அதே சட்டை அவள் கையில், வெளியே புயல், அவள் போன் மௌனம். அந்தப் பகல் முழுவதும் அவள் எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தேன். அணைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண்குரல் மூன்று மொழியில் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்த மௌனத்தை நான் ஏற்கெனவே ஒரு காலையில், சாம்பலில் நடந்து வரும்போது கேட்டிருக்கிறேன்.

மாலை நான்கு மணி வாக்கில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "அம்மா, நான்தான். டிரைவரண்ணா போன்ல பேசறேன்" என்றாள்.

"நேத்து சரியான புழுதிம்மா. எதிர்ல நிக்கிறவங்ககூடத் தெரியல. எல்லாரும் மெஷினை உள்ள தூக்கிட்டு வந்துடலாம்னாங்க. எங்க சாரே சொன்னார்."

"நீ?"

"மணல் போயி பாழாயிடும்னு பயமா இருந்துச்சு. பரண்ல இருந்த சட்டையை எடுத்துட்டு வந்திருந்தேன், திட்டாத. அதை மாட்டலாம்னு போனேன். நீதானே சொல்லுவ, நிறுத்து, சூடு ஆறட்டும், அப்புறம்தான் சட்டைனு. அதான் நிறுத்திட்டேன். சூடு ஆறினதும் மாட்டி, வெளியவே கட்டிப்போட்டுட்டேன். எல்லாரும் கத்துனாங்க. லைட் இல்ல, ஒருத்தர் போன்லயும் சார்ஜ் இல்ல. அதான் உனக்குப் பேச முடியல. ரொம்பப் பயந்துட்டியா?"

"இல்ல" என்றேன். "கூடாரத்துக்குள்ள மணல் வந்துச்சா?"

"வாய்ல, காதுல, சோத்துல, எல்லாத்துலயும். கலீஜாயிட்டோம்மா" என்று சிரித்தாள்.

சூடு ஆறட்டும் என்ற அந்த வாக்கியத்தை முதலில் சொன்னவரைப் பற்றி அப்போது நான் சொல்லவில்லை. திரும்பி வந்ததும் சொல்லவேண்டும். அவர் கடைசி மாலையில் ஒரேயொரு முறை மீறிய அவருடைய சொந்தச் சொல், எங்கோ ஒரு மணல்வெளியில் ஒரு கூடாரம் நிறைய பிள்ளைகளை இருட்டில் உயிரோடு உட்காரவைத்திருக்கிறது என்று அவரிடமும் யாராவது சொன்னால் தேவலை. மேஸ்திரியிடம் சொல்லலாம் என்றால், அவர் இப்போது எங்கே இருக்கிறாரென்று தெரியவில்லை.

போனை வைத்தேன். தெருவில் கரி லாரி ஒன்று திரும்பும் சத்தம் கேட்டது. வழக்கம்போல ஜன்னலைச் சாத்த எழுந்து போய், கொக்கியில் கைவைத்து, அப்படியே நின்றேன். சாத்தவில்லை. லாரி கடந்து போனது. பாதியில் விட்ட வேலையை முடிக்கலாம் என்று மறுபடி பரணில் ஏறினேன். காலையில் சுத்தமாக இருந்த அந்தச் சதுரத்தில் மெல்லிய கறுப்பு படியத் தொடங்கியிருந்தது. கையிலிருந்த துணியால் துடைக்காமல் இறங்கிவிட்டேன்.