மேல்மாடிப் பாடகருக்கு ஒரு கல்வெட்டு

எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்கு ஒரு சிறு புத்தகம் அடித்து, வருகிறவர்களுக்குக் கொடுப்பது வழக்கம். கல்வெட்டு என்று அதற்குப் பெயர். முதற்பக்கத்தில் படம், பிறகு தேவாரம், பிறகு வாழ்க்கை வரலாறு, கடைசியில் உறவுகளின் புலம்பல். ஒஸ்லோவில் அந்த வேலையை நான் செய்கிறேன். பகலில் பொதி விநியோக வான் ஓட்டுகிறேன். ஆட்கள் சாகும்போது கல்வெட்டு அடிக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு அச்சகமொன்றில் அச்சுக்கோத்தவன் என்பதால் இந்த வேலை கையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. யாப்பு எனக்குத் தெரியாது. இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பாவுக்குப் பழைய கல்வெட்டு ஒன்றை எடுத்து ஊரையும் பெயரையும் திதியையும் மாற்றிவிடுவேன். இதுவரை யாரும் குறை சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் முதற்பக்கத்தில் படமாக இருக்கிறார்.

ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் எனக்கு மேல்மாடியில் இருந்த பாடகர் போன மாரிக் குளிரில் இறந்தார். அமெரிக்காவின் தெற்குப் பக்கத்துக் கறுப்பினத்தவர். அவர்களின் சோல் இசைப் பாட்டுக்காரர், ஓர்கனும் வாசிப்பார். இந்த நாட்டுக் கிராமத்து நடன மண்டபங்களில் அந்தப் பாட்டை முதன்முதலில் பாடியவர்களில் ஒருவர். கடைசி ஆறு வருடங்கள் எங்கள் அக்கா ஒருவரின் கணவராக இருந்தார். அக்கா எனக்குச் சொந்த அக்கா இல்லை. முதல் கணவரை இழந்தவர், முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. பாடகர் அங்கே வியாழக்கிழமைகளில் ஓர்கன் வாசிக்க வருவார். சூப் நன்றாக இருக்கிறது என்று சொல்ல சமையலறைக்குள் எட்டிப் பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

ஸ்தவாங்கரில் இருக்கும் அக்காவின் மூத்த அண்ணர் இதில் நாலு குற்றம் கண்டார். மாப்பிள்ளை பாட்டுக்காரர், கறுப்பர், ஏற்கெனவே ஒரு கலியாணம் கட்டி விலகியவர். நாலாவது, தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றோடு அண்ணர் கதைப்பதை நிறுத்தினார். செத்த வீட்டுக்கும் வரவில்லை. அக்கா அன்று முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன்.

முப்பத்தொன்றுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமைப் பின்னேரம், அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இவருக்கும் கல்வெட்டு அடிக்க வேணும். எல்லாருக்கும் அடிக்கிற மாதிரி. ஒண்டும் குறைக்கக் கூடாது."

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மேலே போனேன். சமையலறையில் ஒரு கிழட்டு நோர்வேக்காரர் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். பாடகரின் முதல் ட்ரம்ஸ்காரர். வரலாறு சொல்வதற்காக அக்கா அவரை எல்லிங்ஸ்ருட்டிலிருந்து வரவழைத்திருந்தார்.

என்னிடம் இருந்தது ஊரில் பெரிய மனிதராக வாழ்ந்த ஒருவரின் பழைய கல்வெட்டு. அதை வைத்துக்கொண்டே கேட்டேன்.

"அக்கா, 'நெல்வயலும் தோட்டமும் நிறைந்த குடும்பத்தில்' எண்டு கிடக்கு. என்ன செய்ய?"

"தோட்டம் இருந்ததாம். பருத்தித் தோட்டம். ஆனா அவையின்ரை இல்லை."

வெட்டினேன்.

"தகப்பன்ரை பேர்?"

"அவருக்கே தெரியாது. தாயின்ரை பேரை மட்டும் போடும். தாய்தான் தேவாலயத்திலை பாடப் பழக்கினது. கடவுளுக்குப் பாடின மெட்டிலையே பெட்டையளுக்கும் பாடினவராம். தாய் அடிச்சவ."

"அதைப் போடுறதோ?"

"அடிச்சதைப் போடாதையும்."

அவர் ஒஸ்லோவுக்கு வந்த கதை எனக்கே தெரியும். இசைக்குழு ஒன்றோடு ஐரோப்பாவைச் சுற்ற வந்தார். ஒப்பந்தக்காரர் ஒருநாள் காலையில் எல்லோருடைய திரும்பும் பயணச்சீட்டுகளோடும் காணாமல் போனார். மற்றவர்கள் எப்படியோ கடன்பட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். இவர் ஓர்கனை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் நின்றார். ஐரோப்பாவுக்கு அனுப்புவதாகக் காசு வாங்கிய என்னுடைய ஏஜென்சிக்காரனும் அப்படித்தான், மொஸ்கோவில் பதினாலு பேரை ஓர் அறையில் விட்டுவிட்டுப் போனவன். ஒரு மாரி முழுக்க அவித்த உருளைக்கிழங்கு தின்றோம். மாடிப்படியில் சந்திக்கும்போதெல்லாம் நாங்கள் இருவரும் யாருடைய கள்ளன் பெரிய கள்ளன் என்று வாதாடுவோம். தன்னுடையவன் கைகுலுக்கிவிட்டுப் போனான் என்பார் அவர். என்னுடையவன் கைகூடக் கொடுக்கவில்லை என்பேன். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு வெற்றி.

மிச்சத்தை ட்ரம்ஸ்காரர் சொன்னார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. நோர்வேக்காரர்கள் பாட்டுக்குக் கைதட்டினால் நாலு அடித் தாளத்தில் ஒன்றிலும் மூன்றிலும்தான் தட்டுவார்கள், படைநடை போவதுபோல. பாடகர் நடுப்பாட்டில் நிறுத்தி, சபையைப் பார்த்து, "பொறுங்கள், அவசரமில்லை, இரண்டில் தட்டுங்கள், நாலில் தட்டுங்கள்" என்பாராம். மீன்பிடிக்காரர்கள், பால்பண்ணைக்காரர்கள், பாதிரியார், எல்லோருக்கும் வகுப்புத்தான். சில ஊர்களில் கால்மணி நேரம் பாட்டே இல்லை, தட்டல் மட்டும். ஓர் ஊரில் அவரை மேடையிலிருந்து இறக்கிவிட்டார்கள். அடுத்த வருடம் அவர்களே கூப்பிட்டார்கள்.

ட்ரம்ஸ்காரர் மேசையில் தட்டிக் காட்டினார். கோப்பிக் கோப்பைகள் ஆடின. இன்று ஒஸ்லோவில் இந்தத் தாளம் சரியாக வாசிக்கிற எவனும் ஒன்றில் அவரிடம் பழகியவன், அல்லது அவரிடம் பழகியவனிடம் பழகியவன் என்றார். அவர்களில் சிலர் பெரிய அரங்குகளில் வாசிக்கிறார்கள். பாடகர் ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். அதைச் சொல்லும்போது ட்ரம்ஸ்காரருக்குக் கோபம் வந்தது. பாடகருக்கு அந்தக் கோபம் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. பஸ்ஸிலும் பிள்ளைகளுக்கு இரண்டிலும் நாலிலும் தட்டப் பழக்கினார்.

நான் தட்டச்சு செய்து வாசித்துக் காட்டினேன்: "நோர்வே மண்ணில் சோல் இசைக்கு அத்திவாரம் இட்ட பெருந்தகை."

"அத்திவாரம் வேண்டாம் தம்பி. மண்டபம் கட்ட நிதி குடுத்தவர் எண்டு நினைப்பினம். கைதட்டப் பழக்கினவர் எண்டு போடும்."

அப்படியே போட்டேன். பிறகு வந்தது உறவுப் பட்டியல். இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மைத்துனரும் என்று எழுதுவது. கல்வெட்டை வாங்குகிறவர்கள் முதலில் வாசிப்பது இதைத்தான். அமெரிக்காவில் அவருடைய ஒரு மகள், அக்காவின் முதல் கலியாணத்து மகள், ரொறன்ரோவில் அக்காவின் தங்கச்சி. மூன்று வரிகூட வரவில்லை.

"அக்கா, ஸ்தவாங்கர் அண்ணையைப் போடுறதோ?"

அக்கா மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார்.

"போட்டால், ஆரைக் கேட்டுப் போட்டனீ எண்டு சண்டைக்கு வருவார்."

"விட்டால்?"

"விட்டால் எனக்கு ஒருத்தரும் இல்லையெண்டு அச்சிலை வந்திடும்." துணியைப் பிழிந்து வைத்தார். "விடும். செத்த மனுசனைச் சாட்டி ஒரு சண்டை வேண்டாம்."

விட்டேன். வரைவை அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி அக்கா அதைத் தங்கச்சிக்கு அனுப்பினார். தங்கச்சி எழுத்துப்பிழை பார்த்தாரோ தெரியாது, குடும்பக் குழுவில் போட்டுவிட்டார். நாங்கள் இரண்டாவது கோப்பி குடித்து முடிப்பதற்குள் என் போன் அடித்தது. கல்வெட்டின் பின்னட்டையில் என் இலக்கம் எப்போதும் இருக்கும். தெரியாத நம்பர். கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"நீரோ உந்தக் கல்வெட்டு அடிக்கிறது?"

ஒரே வசனத்தில் அக்காவின் முகம் மாறிவிட்டது. ஆறு வருடத்துக்குப் பிறகு கேட்கும் அண்ணரின் குரல். ட்ரம்ஸ்காரர்கூட விஷயம் விளங்காமலே கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஓம் அண்ணை."

"ஆர் உம்மட்டைச் சொன்னது என்ரை பேரைப் போட வேண்டாமெண்டு?"

"ஒருத்தரும் சொல்லேல்லை அண்ணை. நீங்கள் கதைக்கிறேல்லை எண்டபடியால்..."

"கதைக்காட்டி மச்சான் இல்லையெண்டு ஆகுமோ? ஐசே, கனடாவிலையிருந்து மூண்டு பேர் போன் எடுத்திட்டினம். உன்ரை மச்சான்ரை கல்வெட்டிலை உன்னைக் காணேல்லையாம். நான் செத்துப் போனனோ?"

"இல்லை அண்ணை."

"அப்ப எழுதும். முதல் என்ரை பேர். பேந்து மனுசி. பேந்து பிள்ளையள் மூண்டு பேர். மூத்த மருமகனையும் போடும், இல்லாட்டி அவனும் எடுப்பான்."

எழுதினேன். அவர் ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொன்னார். மைத்துனர் என்ற சொல்லுக்கு முன்னால் 'அன்பு' என்று இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். இருக்கட்டும் என்றார்.

பிறகு ஒரு செருமல்.

"உந்தக் கைதட்டிற கதை உண்மையோ?"

"உண்மை அண்ணை. அவரோடை வாசிச்ச ஆள் இஞ்சைதான் இருக்கிறார்."

"ம். முப்பத்தொண்டு எத்தினை மணிக்கு?"

நான் அக்காவைப் பார்த்தேன்.

"பதினொரு மணிக்கு," என்றார் அக்கா. "காலமை பிளேனிலை வந்தால் அந்தரமாப் போயிடும். முதல்நாளே வாங்கோ."

அண்ணர் வைத்துவிட்டாரோ என்று திரையைப் பார்த்தேன். வைக்கவில்லை. அழைப்பின் வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"ஸ்பீக்கரை நிப்பாட்டும் தம்பி," என்று அக்கா கையை நீட்டினார். போனைக் காதில் வைத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.